உடற்பயிற்சி தொடங்குபவருக்கு ஹார்ட் ரேட் வாட்ச் கைகொடுக்குமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். வயது 42, ஊர் கோவை, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. நடக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பியிருக்கிறார். ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தைக் கட்டிவிட்டு இரண்டே மாதத்தில் நின்றுபோன அனுபவம் ஏற்கெனவே உண்டு. இந்த முறை விடக்கூடாது என்று இதயத் துடிப்பு காட்டும் வாட்ச் ஒன்று வாங்கியிருக்கிறார். முதல் நாள் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஓடிப் பார்த்தபோது அது 168 என்று காட்ட, பயந்து நின்றுவிட்டார். கூட வரும் மனைவிக்கு எப்போதும் இவரைவிடப் பதினைந்து, இருபது கூடுதலாகவே காட்டுகிறதாம். வாட்சைப் பார்த்துக்கொண்டு போனால் ஆர்வம் நிலைக்குமா, எந்த எண்ணில் நடப்பது, மார்பில் கட்டும் பட்டையும் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்.

கைகொடுக்கும். ஆனால் நிறையப் பேர் அந்த எண்ணைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். துடிப்பு ஏற ஏற நல்ல உழைப்பு என்று எண்ணி, அதை ஏற்றுவதிலேயே குறியாக இருப்பார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு வாட்ச் செய்யும் பெரிய உபகாரம், “போதும், வேகத்தைக் குறை” என்று சொல்வதுதான். இன்னொன்றும் உண்டு. எடை மெஷினில் முள் அசையவே அசையாத முதல் இரண்டு மாதங்களில், உடம்புக்குள் மாற்றம் நடக்கிறது என்பதற்குக் கண்முன் ஒரு சாட்சி தரும். இந்த இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டால் கொடுத்த காசு வீண்போகாது.

முதலில் அந்த 168. அது உங்கள் இதயத் துடிப்புதானா என்பதே எனக்குச் சந்தேகம்.

மணிக்கட்டில் கட்டும் வாட்ச் இதயத்தை நேராகப் பார்ப்பதில்லை. அடிப்பக்கம் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறதே, அந்த வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் சற்றுக் கூடும், பிறகு குறையும். அதற்கேற்பத் திரும்பி வரும் வெளிச்சமும் மாறும். அந்த மாற்றத்தை எண்ணித்தான் வாட்ச் கணக்குச் சொல்கிறது. ஓடும்போது கை வீசினால் ரத்தமும் குலுங்கும், வாட்சும் நகரும். பட்டை தளர்வாக இருந்தால் வாட்ச் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். மெதுவோட்டத்தில் நிமிடத்துக்கு 150 முதல் 170 காலடி விழுவது சாதாரணம். உங்கள் 168 அதற்குள் கச்சிதமாக உட்கார்கிறது. வேக நடையில் 110, 120 காலடி விழும். அங்கேயும் இதே குளறுபடி வரலாம். எண் பார்க்க நியாயமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே எழாது.

சரிபார்ப்பது சுலபம். நடையை நிறுத்திய கையோடு, மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர் கீழே உள்ள பள்ளத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதிலேயே துடிப்பு தெரியும், கணக்கு கெடும். தாமதிக்கவும் கூடாது, நின்ற சில விநாடிகளிலேயே துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும். 33 எண்ணினீர்கள் என்றால் 132. அந்த நேரத்தில் வாட்ச் 160 காட்டிக்கொண்டிருந்தால் தவறு பட்டையில் இருக்கிறது, இதயத்தில் இல்லை. நடக்கக் கிளம்பும்போது மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் அகலம் முழங்கைப் பக்கமாகத் தள்ளி, வழக்கத்தைவிட ஒரு துளை இறுக்கிப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் தளர்த்திவிடலாம். நம்மைப் போன்ற மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் இந்தப் பச்சை விளக்கு சரியாக வேலை செய்யுமா என்ற கேள்வியும் அடிக்கடி வரும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020-ல் பல வாட்ச்களை வைத்துச் சோதித்தார்கள். தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அசைவுதான் பிரச்சினை: ஓய்வில் இருப்பதைவிட வேலை செய்யும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியது.

சரி, 168 உண்மையாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 42 வயதில் உங்கள் உச்சவரம்பை நெருங்கும் வேலை அது. நெடுநாள் சும்மா இருந்த உடம்பை முதல் நாளே அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் மூச்சு முட்டும், மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், மூன்றாம் நாள் மழை வந்தால் நல்லது என்று மனம் வேண்டும். ஜிம்மில் இரண்டு மாதத்தில் நின்றதும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். சோம்பேறித்தனம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பல நேரம் காரணம் அதுவல்ல. தினமும் வேதனை தரும் ஒரு காரியத்தை மனம் நாலு வாரத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.

இனி உங்களுக்கான எண். 220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு என்று எல்லா ஜிம் சுவரிலும் எழுதியிருப்பார்கள். 1971-ல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் என்ற மூவர், அதற்கு முன் வெளியான ஆய்வுகளின் புள்ளிகளுக்கு நடுவே தோராயமாகப் பொருத்திய கோடு அது. ஒவ்வொரு ஆளுக்கும் பொருந்தும் சூத்திரமாக இருக்க வேண்டும் என்று போட்ட கணக்கே இல்லை. 2001-ல் தனாகாவும் அவருடைய குழுவினரும் நிறைய ஆய்வுகளைத் திரட்டி, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்க வேண்டும் என்றார்கள். நாற்பது வயதில் இரண்டு கணக்குக்கும் விடை ஒன்றே: 180. அறுபது வயதில்தான் பிரியும். பழைய கணக்கு 160 என்னும், புதியது 166 என்னும். எதை எடுத்தாலும் ஒரே வயதுக்காரர் இருவருக்கிடையே பத்து, பன்னிரண்டு துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சகஜம். ஆகவே சூத்திரத்தில் வந்த எண்ணைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்களுக்கு 178 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓய்வுத் துடிப்பையும் சேர்த்தால் கணக்கு இன்னும் உங்களுக்கு நெருங்கி வரும். கார்வோனென் என்ற ஃபின்லாந்துக்காரரும் அவருடன் இருந்தவர்களும் 1957-ல் காட்டிய வழி இது. காலையில் கண் விழித்ததும், காபிக்கு முன்னால், படுத்தபடியே துடிப்பைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. உங்களுக்கு 78 என்று வைத்துக்கொண்டால், 178-க்கும் 78-க்கும் இடையே 100 துடிப்பு இருக்கிறது. மிதமான உழைப்பு என்பது அந்த இடைவெளியில் 40 முதல் 60 சதவீதம். அதாவது 78 கூட்டல் 40, 118-இல் தொடங்கி 138 வரை. இதுதான் உங்கள் எல்லை. உடம்பில் இதற்கு அடையாளம் உண்டு: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியும், ஆனால் பாட முடியாது. வாட்ச் 125 என்று சொல்லும்போது உங்களால் இரண்டு சொல்கூடச் சேர்த்துப் பேச முடியவில்லை என்றால், வாட்சை விட்டுவிட்டு மூச்சை நம்புங்கள்.

இந்த எல்லைக்குள் இருப்பது ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். நீங்கள் 135-ஐத் தாண்டாமல் போகும்போது எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் சர்ரென்று உங்களைக் கடந்து போவார். போகட்டும். வாட்சில் 138-க்கு மேல் போனால் அதிரும்படி எச்சரிக்கை வைக்க வசதி இருக்கும், வைத்துவிடுங்கள். அதிர்ந்தால் நிற்க வேண்டாம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெதுவாக நடந்தால் ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிடும். ஒரு சுற்று முடிந்தும் “இன்னும் கொஞ்சம் போயிருக்கலாமே” என்று தோன்றும்போது வீட்டுக்குத் திரும்புவதுதான் முதல் மூன்று நாலு வாரத்துக்கு நான் சொல்லும் ஒரே விதி. அந்தத் தோன்றல்தான் மறுநாள் காலையில் எழுப்பிவிடும். மருதமலைப் படியேறுவதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். படிக்கட்டில் 138-ஐத் தாண்ட ஒரு நிமிடம் போதும்.

இப்போது ஆர்வம் நிலைக்குமா என்பதற்கு வருகிறேன். வாட்ச் மட்டும் கட்டிவிட்டால் நிலைக்காது, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் எடை குறைக்க முயன்ற 471 பேரை வைத்து இரண்டு வருடம் ஆய்வு செய்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடும் ஆலோசனையும் உண்டு. ஒரு பாதிக்கு மட்டும் உடம்பில் அணியும் கருவியும் கொடுத்தார்கள். கடைசியில் கருவி அணியாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள், அணிந்தவர்கள் 3.5 கிலோதான். அதே வருடம் ஜோர்டன் எட்கின் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் காட்டினார். நடப்பது, படிப்பது போல மனத்துக்குப் பிடித்துச் செய்யும் காரியத்தை எண்ணிக்கொண்டே செய்தால் அளவு கூடுகிறது, ஆனால் இன்பம் குறைகிறது. எண்ணுவதை நிறுத்திய பிறகு அந்தக் காரியத்தையே குறைத்துக்கொள்கிறார்கள். ஆக, எந்த எண்ணை, எத்தனை தடவை பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் நம்புவது சோதனைச் சுற்று ஒன்றை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வேகம். ரேஸ்கோர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு சுற்றை 27 நிமிடத்தில் முடிக்கிறீர்கள். மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகம் அது. முடிந்ததும் சராசரித் துடிப்பைக் குறித்துக்கொள்கிறீர்கள். உதாரணத்துக்கு, தொடக்கத்தில் 132. வாரத்தில் ஐந்து நாள் ஒழுங்காக நடந்தால், இரண்டு மாதம் போல ஆன பிறகு அதே சுற்றை அதே 27 நிமிடத்தில் 122-இல் முடிப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்குப் பத்து வீதம் 270 துடிப்பு மிச்சம். முன்பு 3,564 முறை அடித்துச் செய்த வேலையை உங்கள் இதயம் இப்போது 3,294 முறை அடித்தே செய்துவிட்டது. எடை அரை கிலோகூடக் குறைந்திருக்காது, சட்டை அதே அளவுதான், அலுவலகத்தில் யாரும் “இளைச்சிட்டீங்களே” என்று கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் இந்த ஒரு வரி உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அந்த எண் மேல் நம்பிக்கை கூடும். தொடர்ந்து பயிற்சி செய்யத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதியின் அளவு கூடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் அதிகமாகிறது, அதனால் ஒவ்வொரு அடிக்கும் அது வெளியே தள்ளும் ரத்தமும் அதிகம். அதே தூரம் நடக்கத் தசைகளுக்கு வேண்டிய ரத்தம் ஏறக்குறைய அதேதான் என்பதால், குறைந்த அடியிலேயே வேலை முடிந்துவிடுகிறது. மாதங்கள் போகப்போகத் தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் கூடும். கொழுப்பு கரைவது இதைவிட மெதுவான காரியம், சாப்பாட்டையும் பொறுத்தது. அதனால்தான் முதல் நல்ல செய்தி எடை மெஷினில் வராமல் துடிப்பில் வருகிறது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, நின்ற பிறகு துடிப்பு இறங்கும் வேகம். வேகமாக நடந்து முடித்ததும் அப்படியே மெல்ல நடந்தபடி ஒரு நிமிடம் வாட்சைப் பாருங்கள். 138-இல் நிறுத்தி ஒரு நிமிடத்தில் 115-க்கு வந்தால் 23 இறங்கியிருக்கிறது. மாதங்கள் செல்ல இந்த இறக்கம் பெரிதாகும், பார்க்கவே சுவாரசியமாக இருக்கும். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் சுமார் 2,400 பேரை டிரெட்மில்லில் நடக்கவைத்து ஆறு வருடம் தொடர்ந்து கவனித்ததில், முதல் நிமிட இறக்கம் 12 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது என்று 1999-ல் எழுதினார்கள். அது உச்சகட்ட உழைப்பு வரை ஓடவைத்து, மருத்துவமனையில் அளந்த கணக்கு. உங்கள் காலை நடையில் ஒரு நாள் 11 இறங்கியது என்று கூகுளில் தேடித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எப்போதும் அப்படியே இருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தினக் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு மாறிவிடுங்கள் என்பதையும் அழுத்திச் சொல்வேன். தொடர்ந்து இத்தனை நாள் என்று தீப்பந்தப் படம் காட்டும் செயலிகள் இருக்கின்றன. ஐப்பசி மழையில் ஒரு நாள், சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒரு நாள் விட்டுப்போனால் கணக்கு சைபருக்குப் போய்விடும், அதோடு மனமும் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வாரக் கணக்குதான்: மிதமான உழைப்பு 150 முதல் 300 நிமிடம், அல்லது கடுமையானது 75 முதல் 150 நிமிடம். கூகுள் ஃபிட் செயலியில் உள்ள ஹார்ட் பாயிண்ட்ஸ் இதையொட்டி வந்தது. மிதமான நிமிடத்துக்கு ஒன்று, கடுமையான நிமிடத்துக்கு இரண்டு. வாரத்துக்கு 150 சேர்க்க வேண்டும். ஃபிட்பிட்டிலும் இதே மாதிரி உண்டு. அமேஸ்ஃபிட் வாட்ச்களில் பிஏஐ என்று ஒரு கணக்கு வரும். நார்வேயில் ட்ரோண்ட்ஹைம் நகரில் உள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உல்ரிக் விஸ்லோஃப் குழு, அந்நாட்டில் பல்லாண்டாக நடக்கும் ஹண்ட் என்ற பெரிய மக்கள் ஆய்வை வைத்து உருவாக்கியது. கடந்த ஏழு நாளில் 100 புள்ளி இருக்க வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, உங்கள் துடிப்பை வைத்துத்தான் புள்ளி தருகிறது என்பது. மாரத்தான் ஓடுபவருக்கு ஓடினால்தான் கிடைக்கும் புள்ளி உங்களுக்கு வேக நடையிலேயே கிடைத்துவிடும். தொடங்குபவருக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை. உங்கள் வாட்சில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்றை ஒன்றாகப் பார்க்க வேண்டாம்.

கலோரி எண்ணை மட்டும் திரையிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். 300 கலோரி எரித்துவிட்டோம் என்று வாட்ச் சொன்னதை நம்பி, திரும்பும் வழியில் இரண்டு மெதுவடையும் ஒரு டிகிரி காபியும் உள்ளே தள்ளுகிறவர்களை எந்த நடைபாதைக்கு வெளியிலும் பார்க்கலாம். நடைக்கு நடை, வடைக்கு வடை.

சில நாள் காரணமே இல்லாமல் எண் ஏறியிருக்கும், அன்று மனம் உடைந்துபோகக் கூடாது. வெயில் முதல் காரணம். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதாலும், வியர்வையில் நீர் இழப்பதாலும் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். நடக்க நடக்க அது மெல்ல ஏறிக்கொண்டே போகும். சித்திரையில் நடந்த சுற்றை மார்கழியில் நடந்த சுற்றோடு ஒப்பிட்டால் தேறிவிட்டதாகத் தோன்றும். மாற்றிப் பார்த்தால் தேய்ந்துவிட்டதாகத் தோன்றும், இரண்டுமே பாதிப் பொய். இரவு சரியாகத் தூங்காதது, கிளம்புமுன் குடித்த காபி, காய்ச்சல் வரப்போவது, முந்தின நாள் மது எல்லாமே எண்ணை ஏற்றும். காலை ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிடப் பத்து கூடியிருந்து உடம்பும் கணகணவென்று இருந்தால் அன்று ஓய்வெடுங்கள்.

உங்கள் மனைவியின் எண்ணைப் பற்றி. பெண்களுக்கு இதயம் சற்றுச் சிறியது, ஒரு அடிக்குத் தள்ளும் ரத்தம் குறைவு. அதனால் அதே வேகத்துக்குத் துடிப்பு கூடுவது இயல்பு. ஆள் உயரம் குறைவாக இருந்தால் உங்கள் சாதாரண நடையே அவருக்கு வேக நடை. இதெல்லாம் சரி, ஆனால் பதினைந்து இருபது என்று எப்போதும் கூடுதலாகவே இருந்து, மாடிப்படி ஏறினாலும் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள், தைராய்டும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள் குறைந்தால் இதயம் அடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். “நீ ஃபிட்டாக இல்லை” என்று கிண்டல் செய்வதற்கு முன் அந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. அவருக்கான எல்லையை அவருடைய வயதையும் ஓய்வுத் துடிப்பையும் வைத்துத் தனியாகப் போடுங்கள். இருவரும் வாட்சை மாற்றி மாற்றிப் பார்த்துப் போட்டி போட வேண்டாம்.

மாத்திரை விஷயத்தை விட்டுவிடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அந்த மருந்து துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். 118-ஐத் தொட வேண்டும் என்று முக்கினால் ஆபத்தில் முடியும். நெடுங்காலம் சர்க்கரை உள்ளவர்களுக்கு இதயத்துக்குப் போகும் நரம்புகள் பாதிக்கப்பட்டு, ஓய்வில் துடிப்பு அதிகமாகவும் உழைப்பில் ஏற வேண்டிய அளவு ஏறாமலும் இருக்கலாம். இந்த இரு வகையினரும் மருத்துவர் சொல்லும் எண்ணையும் தங்கள் மூச்சையும் மட்டுமே பார்க்க வேண்டும். உங்களுக்கு எல்லைக்கோட்டுச் சர்க்கரைதான் என்றாலும், வயதும் உட்கார்ந்த வேலையும் சேர்ந்திருப்பதால், நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் முன் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை எது வந்தாலும் வாட்ச் என்ன காட்டுகிறது என்று பார்க்கவே வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் திறன் இந்த வாட்ச்களுக்குக் கிடையாது.

இரண்டு மூன்று மாதம் போனபின் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். நடந்துகொண்டிருக்கும்போது வாட்சைப் பார்ப்பதற்கு முன் எண்ணை ஊகித்துச் சொல்லுங்கள், பிறகு பாருங்கள். கூட நடப்பவரும் உங்கள் எண்ணை ஊகிக்கலாம். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க், உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதற்கு 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். ஏன் ஒன்றில் தொடங்காமல் ஆறில் தொடங்குகிறது என்றால், பத்தால் பெருக்கினால் தோராயமாகத் துடிப்பு வரட்டும் என்றுதான். 6 என்பது 60, 20 என்பது 200. உங்கள் ஊகம் நாலைந்து துடிப்புக்குள் வரத் தொடங்கிவிட்டால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாட்சை வீட்டில் வைத்துவிட்டு நடக்கலாம். எட்கின் சொன்ன இன்பக் குறைவும் அந்த நாட்களில் இருக்காது. ஊகம் கைவந்தவர்களுக்கு வாட்ச் பழுதானாலும் நடை நிற்காது என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணை மட்டுமே நம்பியவர்கள் சார்ஜர் தொலைந்த வாரத்தில் நின்றுபோவார்கள்.

அதற்குப் பிறகு, வாரத்தில் ஒரு நாள் மட்டும், எல்லையைத் தாண்ட அனுமதி. பத்து நிமிடம் சாதாரண நடை, பிறகு ஒரு நிமிடம் விறுவிறுவென்று நடந்தோ மெல்ல ஓடியோ 150 வரை விட்டு, 120-க்கு இறங்கும் வரை நடை. இப்படி நாலைந்து முறை. அடுத்ததை எப்போது தொடங்குவது என்பதைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். துடிப்பு இறங்கியதும் தொடங்குங்கள். இறங்க மறுத்தால் அன்றைக்கு அதோடு போதும்.

கடைசியாக, மார்புப் பட்டை. இதயத்தின் மின்துடிப்பை நேரடியாகப் பிடிப்பதால் அது வாட்சைவிடத் துல்லியம், காலடிக் குழப்பம் வராது. ஃபின்லாந்தில் ஓலு நகருக்கு அருகே 1977-ல் செப்போ சைனாயாகங்காஸ் தொடங்கிய போலார் நிறுவனம், பனிச்சறுக்கு வீரர்களை மனத்தில் வைத்து 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த கம்பியில்லாக் கருவிதான் இந்த வகைக்கு முன்னோடி. நடைக்கு இப்போதைக்கு உங்களுக்கு அது வேண்டாம். விரலால் நாடி பிடித்து ஒத்துப் பார்ப்பதே போதும். ஓட ஆரம்பித்த பிறகும் வாட்ச் காலடியை எண்ணுவது நிற்கவில்லை என்றால் வாங்குங்கள். வாங்கினால், கட்டுமுன் உள்பக்கம் தோலில் படும் இரண்டு இடத்தையும் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கட்டுங்கள், காய்ந்த பட்டை முதல் பத்து நிமிடம் கன்னாபின்னாவென்று எண் காட்டும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். நம் ஊர் வியர்வை உப்புக்கு அலசாத பட்டை சீக்கிரமே வீணாகிவிடும். உங்கள் வாட்சோடு ப்ளூடூத்தில் சேருமா என்பதைக் கடையிலேயே ஒரு முறை இணைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.